பீரங்கி இழுத்த கன்றுக்குட்டிகள்!

ஆடி மாதம் வந்துவிட்டால் அந்தியூரில் கூட்டம் அலைமோதும். ஈரோடு மாவட்டத்தில் உள்ள ஊர் அது. அங்கே குருநாதசாமி கோவில் திருவிழா நடக்கும்.

சாமி கும்பிட வருகிறவர்கள் ஒரு பக்கம். மாடு பிடிக்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம். காங்கேயம் காளைகள் வரும். செந்நிற உடம்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மலை மாடுகள் வரும். குதிரைகளும் வரும்.

இந்தச் சந்தையைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? திப்பு சுல்தான் என்று ஊரில் சொல்வார்கள். தம் படைக்குக் குதிரையும் மாடும் வாங்க அவர் இங்கே ஆட்களை அனுப்பினாராம். அதுவே நாளடைவில் சந்தையாக வளர்ந்தது என்பது வழி வழியாக வரும் பேச்சு.

திப்பு சுல்தான் என்றதும் நம் கண் முன்னே வாள் தோன்றும். புலிச் சின்னம் தோன்றும். ஆனால் அவருடைய பலத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. அது மாட்டுப் பட்டி!

கன்றுக்குட்டிகளைப் பார்த்துப் பார்த்து வளர்த்த மன்னரின் கதை இது.

வெண்ணெய்ச் சாவடி

மைசூரை 1673 முதல் 1704 வரை ஆண்டவர் சிக்கதேவராஜ உடையார். அவர் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் வேண்டும் என்று ஒரு மாட்டு மந்தையை வைத்திருந்தார். அதற்குப் 'பென்னே சாவடி' என்று பெயர். கன்னடத்தில் பென்னே என்றால் வெண்ணெய்.

மந்தை மேய்வதற்காக நாட்டின் பல பாகங்களில் புல்வெளிகளை அவர் ஒதுக்கினார். அவற்றுக்குக் 'காவல்' என்று பெயர். மழைக் காலத்துக்கு ஒரு காவல். குளிர் காலத்துக்கு ஒரு காவல். கோடைக் காலத்துக்கு, மர நிழலும் குளத்துத் தண்ணீரும் உள்ள வேறொரு காவல்.

காலத்துக்குத் தகுந்தபடி மந்தை இடம் மாறும். ஒரே இடத்தில் மேய்ந்து புல்லை அழிக்காது. பஞ்ச காலத்திலும் பட்டினி கிடக்காது.

பிறகு ஐதர் அலி வந்தார். 1761-ம் ஆண்டில் மைசூரின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. அவர் சாதாரணப் போர்வீரராக வாழ்க்கையைத் தொடங்கியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் கண் கூர்மையானது.

வெண்ணெய்க்காக வளர்த்த மாடுகள் அவர் கண்ணில் வேறு மாதிரி தெரிந்தன. நீண்ட கொம்பு, இறுகிய உடம்பு, உறுதியான குளம்பு, வேகமான நடை! இவை பால் கறக்கும் மாடுகள் அல்ல, பீரங்கி இழுக்கும் மாடுகள் என்று அவர் கண்டுகொண்டார்.

சித்திரதுர்க்கம், ஆகல்வாடி முதலிய பாளையங்களைப் பிடித்தபோது, அங்கிருந்த நல்ல மாடுகளையும் மந்தையில் சேர்த்தார். ஐதரிடம் 60 ஆயிரம் காளைகளுக்குக் குறையாமல் இருந்தன என்பது சொல்லி வரும் கணக்கு.

இரண்டரை நாளில் 100 மைல்!

அந்தக் காலத்தில் ரயில் கிடையாது. லாரி கிடையாது. பீரங்கியை மாடு இழுக்க வேண்டும். குண்டும் மருந்தும் மாடு சுமக்க வேண்டும். சிப்பாய் சாப்பிடும் அரிசி கூட மாட்டின் முதுகில்தான் வர வேண்டும். மாடு நின்றால் படை நிற்கும்.

வெள்ளைக்காரக் கம்பெனியிடம் பணம் இருந்தது. நல்ல துப்பாக்கி இருந்தது. ஆனால் சொந்த மாடு இல்லை. காண்டிராக்டர்களிடம் வாடகைக்குப் பிடித்த மாடுகளையே பெரிதும் நம்பி அது சண்டை போட்டது. அவற்றில் பல இளைத்தவை. தூரம் நடந்து பழகாதவை.

1781-ம் ஆண்டு ஜூன் மாதம். வெள்ளைக்காரத் தளபதி அயர் கூட், சிதம்பரம் கோட்டையைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். செய்தி ஐதருக்குப் போயிற்று. அவர் படை 100 மைலுக்கு அப்பால் இருந்தது.

இரண்டரை நாளில் ஐதர் அங்கே வந்து நின்றார்! 100 மைல் என்றால் 160 கிலோமீட்டர். கோவையிலிருந்து சேலம் வரை உள்ள தூரம். பீரங்கிகளோடு வந்தார் என்பதுதான் அதிசயம்.

ஜூலை 1-ந் தேதி பரங்கிப்பேட்டையில் பெரும் போர் நடந்தது. அதில் ஐதர் தோற்றார். ஆனால் அவருடைய பீரங்கிகள் பகைவர் கையில் சிக்கவில்லை. காளைகள் அவற்றை இழுத்துக்கொண்டு போய்விட்டன. தோற்றவன் பீரங்கியை இழக்காமல் போனால், அவன் மறுபடியும் சண்டைக்கு வருவான். ஐதரும் வந்தார்.

அமிர்த மகால்

திப்பு 1750-ம் ஆண்டு தேவனஹள்ளியில் பிறந்தார். ஐதரின் மூத்த மகன். தந்தைக்குப் படிப்பு இல்லை. ஆனால் மகனுக்கு ஆசிரியர்களை வைத்துப் படிப்பித்தார். 17 வயதிலேயே திப்பு குதிரைப்படையோடு சென்னையின் எல்லை வரை போய் வந்தார்.

1782-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, சித்தூருக்கு அருகே போர் முகாமில் ஐதர் இறந்தார். திப்பு பட்டத்துக்கு வந்தார். அடுத்த மாதமே சோதனை வந்தது. மேற்கே மலைநாட்டில் இருந்த பெட்னூரை வெள்ளையர் பிடித்துக்கொண்டார்கள். அப்போது திப்புவின் படை கிழக்கே ஆர்க்காட்டுச் சீமையில் இருந்தது.

கிழக்கிலிருந்து மேற்குக்குப் படை புறப்பட்டது. நாட்டின் குறுக்கே ஒரே மாதத்தில் பயணம் முடிந்தது. பெட்னூர் மறுபடியும் மைசூர் வசம் ஆயிற்று.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதைத் திப்பு மறக்கவில்லை. பென்னே சாவடிக்கு 'அமிர்த மகால்' என்று புதுப் பெயர் வைத்தார். பெயர் மட்டும் வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மந்தையை எப்படி நடத்த வேண்டும் என்று சட்டதிட்டங்களை எழுதச் செய்தார். பிற்காலத்தில் அந்தத் துறையை ஏற்று நடத்திய வெள்ளைக்கார அதிகாரிகளும் அந்த விதிகளில் பெரும் பகுதியைப் பின்பற்றினார்கள்.

மந்தைகளில் ஒரு பகுதியைத் திப்பு நேரில் பார்வையிடுவார். நன்றாக வளர்த்தவர்களுக்குப் பரிசு கொடுப்பார். ராஜ்யத்தை ஆளும் சுல்தான், மாடு மேய்ப்பவனின் வேலையைப் பார்த்து வெகுமதி கொடுத்தார்!

எந்தக் கன்று காளையாகும்?

ஒரு மந்தையில் ஆண் கன்றுகள் ஏராளமாகப் பிறக்கும். எல்லாவற்றையும் இனக் காளையாக விட முடியாது. சிலவற்றை மட்டும் இனத்துக்கு நிறுத்த வேண்டும். மற்றவற்றுக்குக் காயடித்து வேலைக்குப் பழக்க வேண்டும்.

எதை நிறுத்துவது? இதுதான் மாடு வளர்ப்பில் உள்ள பெரிய கேள்வி. பசு தவறாகப் போனால் வருஷத்துக்கு ஒரு கன்று தவறாகும். காளை தவறாகப் போனால் மந்தையே தவறாகிவிடும்.

கொங்கு நாட்டில் இனக் காளையைப் 'பூச்சிக் காளை' என்பார்கள். விவரம் தெரிந்த குடியானவர் கன்றைப் பார்க்கும் முன் தாயைப் பார்ப்பார். தாய் வருஷம் தவறாமல் ஈனுகிறதா? கோடையில் வற்றிப் போகாமல் தாங்குகிறதா? இதைக் கேட்ட பிறகுதான் கன்றின் பக்கம் திரும்புவார்.

கன்றிடம் பார்ப்பது என்ன? நாலு காலும் நேராக ஊன்றுகிறதா? குளம்பு இறுக்கமாக, விரியாமல் இருக்கிறதா? நெஞ்சு அகலமா? முதுகு நேராக இருக்கிறதா? நடக்கும்போது பின்னங்கால் முன்னங்காலின் தடத்தை எட்டுகிறதா? அழகு இதற்கெல்லாம் பிறகுதான்.

நிறத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். சில மாதங்கள் கழித்துத்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். பிறந்த நிறம் வளர்ந்த நிறம் ஆகாது.

இன்னொரு முக்கியமான சங்கதி உண்டு. பால் குடிக்கிற கன்று கொழுகொழு என்று இருந்தால், அது கன்றின் பெருமை அல்ல. தாயின் மடிப் பெருமை. பால் மறந்த பிறகு, தானாகப் புல் மேய்ந்து, ஒரு கோடையைத் தாண்டி எந்தக் கன்று உடம்பு தேறி நிற்கிறதோ, அதுவே நல்ல கன்று. அதனால் பால் மறக்கும் முன் கன்றை முடிவு கட்டக் கூடாது.

இன்று அமெரிக்காவில் இறைச்சிக்கு மாடு வளர்ப்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். கன்றின் 205-ம் நாள் எடையைப் பார்ப்பார்கள். அது தாயின் பாலைப் பெரிதும் காட்டும். பிறகு 365-ம் நாள் எடையைப் பார்ப்பார்கள். அது கன்றின் சொந்த வளர்ச்சியைக் காட்டும். இரண்டையும் பார்த்துத்தான் இனத்துக்கு நிறுத்துவார்கள். நம் நாட்டு மாட்டுக்காரர் தராசு இல்லாமல் கண்ணாலேயே இதைச் செய்தார்.

அமிர்த மகால் பட்டியிலும் அவசரம் கிடையாது. கன்றுகள் திறந்த வெளியில் வளர்ந்தன. பால் பெரும்பாலும் கன்றுக்கே போயிற்று. மூன்று வயதுக்குப் பிறகுதான் காயடிப்பு. அதற்குள் கன்றின் குணம், நடை, பலம் எல்லாம் தெரிந்துவிடும். நல்லது இனத்துக்கு நிற்கும். மற்றவை நுகத்துக்குப் போகும்.

ஆகவே, இன்று பிறந்த கன்று பீரங்கி இழுக்க நாலைந்து வருஷம் ஆகும். அரிசியை விலைக்கு வாங்கலாம். துப்பாக்கியை விலைக்கு வாங்கலாம். இந்த நாலைந்து வருஷத்தை எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது.

இந்தப் பாடத்தை வெள்ளையர் கற்றுக்கொண்ட இடம் எது தெரியுமா? நம் கொங்கு நாடு!

சத்தியமங்கலத்தில் நின்ற பீரங்கிகள்

1790-ம் ஆண்டு. கோயம்புத்தூர்ச் சீமை அப்போது மைசூர் ராஜ்யத்தில் இருந்தது. தளபதி மெடோஸ் திருச்சியிலிருந்து படையோடு புறப்பட்டார். கரூரைப் பிடித்தார். ஜூலையில் கோவைக்குள் நுழைந்தார். அவருக்குக் கீழ் இருந்த பிளாய்டு என்பவர் ஒரு படையோடு சத்தியமங்கலத்தில் தங்கினார்.

செப்டம்பர் மாதம் கெஜலட்டி கணவாய் வழியாகத் திப்பு இறங்கினார். செங்குத்தான மலைப்பாதை அது. அதில் பீரங்கிகளை இறக்கிக்கொண்டு வந்தார். பிளாய்டு திகைத்தார். பவானி ஆற்றங்கரையில் நாள் முழுவதும் சண்டை நடந்தது.

மறுநாள் பிளாய்டு பின்வாங்கினார். ஆனால் பீரங்கிகளை இழுக்க மாடுகள் போதவில்லை. குண்டு பட்டுச் செத்தவை பல. மாட்டுக்காரர்கள் ஓடிப்போனதால் சிதறியவை பல. சில பீரங்கிகளை அங்கேயே விட்டுவிட்டுப் படை நடந்தது.

அதன் பிறகு ஈரோடும் தாராபுரமும் திப்புவின் கைக்கு வந்தன.

இந்தப் போரில் கொங்கு நாட்டு ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. வெள்ளைப் படை ஒரு முறை வரும். மைசூர்ப் படை ஒரு முறை வரும். இரண்டுக்கும் தீனி வேண்டும். ராஜாக்கள் சண்டையில் குடியானவனுக்கு லாபம் ஏது?

கவர்னர் ஜெனரலின் கண்ணீர்க் கதை

மெடோசால் முடியாததைத் தாமே முடிக்கிறேன் என்று கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வந்தார். 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். மே 15-ந் தேதி நடந்த சண்டையில் வெற்றியும் பெற்றார். கோட்டை கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் கோட்டைச் சுவரை உடைக்கப் பெரிய பீரங்கிகளை முன்னால் கொண்டு போக வேண்டுமே! மழை முந்திக்கொண்டது. தீவனம் இல்லை. நோய் பரவியது. மாடுகள் கும்பல் கும்பலாகச் செத்தன. சிப்பாய்களே வடம் பிடித்துப் பீரங்கிகளை இழுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை.

காரன்வாலிஸ் வேறு வழி இல்லாமல் ஓர் உத்தரவு போட்டார். அவருடைய பெரிய பீரங்கிகளை அவருடைய ஆட்களே நாசம் செய்தார்கள்! வெற்றி பெற்ற படை வெறுங்கையோடு பெங்களூருக்குத் திரும்பியது. அதைத் தடுத்தது மைசூரின் வாள் மட்டும் அல்ல. மாட்டுப் பஞ்சமும்தான்.

1792 பிப்ரவரியில் அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை மராட்டியரும் நிஜாமும் துணைக்கு இருந்தார்கள். லம்பாடிகளின் பொதி மாடுகள் ஆயிரக்கணக்கில் தானியம் சுமந்து வந்தன. திப்பு பணிய வேண்டி வந்தது. பாதி ராஜ்யம் போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார்.

மாட்டை மட்டும் வைத்து நாட்டைக் காக்க முடியாது. சுற்றிலும் பகைவர் சேர்ந்துவிட்டால் எந்தக் காளையாலும் இழுக்க முடியாத பாரம் அது. 1799-ம் ஆண்டு மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கோட்டை வாசலில் போரிட்டபடியே திப்பு உயிர் விட்டார். அப்போது அவருக்கு வயது 48.

சிக்கனம் செய்த கேடு

மன்னர் போனார். மந்தை மிஞ்சியது.

வெற்றி பெற்றவர்கள் முதலில் அதன் அருமையை உணரவில்லை. சரியான கவனிப்பு இல்லாமல் மாடுகள் சீர்கெட்டன. 1813-ம் ஆண்டில் ஹார்வி என்ற கேப்டன் பொறுப்புக்கு வந்தார். திப்பு காலத்து முறையில் மறுபடி நடத்தினார். பத்து ஆண்டுகளுக்குள் மந்தை தலைநிமிர்ந்தது.

1842-ம் ஆண்டு ஆப்கானிஸ்தான் யுத்தத்துக்கு இந்த இனத்துக் காளைகள் 230 போயின. சில நாட்களில் 16 மணி நேரத்துக்கு மேல் நுகத்தில் நின்றன.

பிறகு 1860-ம் ஆண்டு வந்தது. சென்னை அரசு சிக்கனம் செய்ய நினைத்தது. மந்தையைக் கலைத்து விற்கும்படி உத்தரவு போட்டது. நூறு, நூற்றைம்பது வருஷமாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த இனம், ஏலத்தில் சிதறிப் போயிற்று.

நடந்தது என்ன? சில வருஷங்களுக்குள் படைக்கு நல்ல மாடு கிடைக்கவில்லை. 1866-ல் மந்தையை மறுபடி தொடங்கினார்கள். அங்கும் இங்கும் போன மாடுகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். விற்க ஓர் உத்தரவு போதும். உண்டாக்க ஒரு தலைமுறை வேண்டும்!

இன்றும் கர்நாடகத்தில் அமிர்த மகால் இனம் இருக்கிறது. அஜ்ஜம்புராவில் 1929-ம் ஆண்டில் தொடங்கிய பண்ணை அந்த இனத்தைக் காத்து வருகிறது.

நம் பட்டியில்...

காங்கேயம் மாடும், பர்கூர் மாடும், ஆலாம்பாடி மாடும் அமிர்த மகாலுக்குத் தூரத்துச் சொந்தம். எல்லாவற்றையும் மைசூர் வகை என்று ஒரே குடும்பமாகத்தான் கால்நடை நிபுணர்கள் சேர்க்கிறார்கள்.

திப்புவின் பக்கம் நின்று வெள்ளையரை எதிர்த்தவர் தீரன் சின்னமலை. அவர் காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்தவர். பழையகோட்டை மன்றாடியார் வம்சம். பிற்காலத்தில் காங்கேயம் இனத்தைப் பொறுக்கி வளர்த்துச் சீர்படுத்தியவர் என்று பெயர் பெற்றவரும் அதே வம்சத்தவர்தான். பழையகோட்டை பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் அவர். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில், கொழுக்கட்டைப் புல் மேய்ந்து, வெள்வேல மர நிழலில் படுத்து வளர்ந்த கன்றுகள் அந்தப் பெயரை வாங்கித் தந்தன.

இப்போது பீரங்கி இழுக்க மாடு வேண்டாம். கவலை இறைக்கவும் மாடு வேண்டாம். மோட்டார் வந்துவிட்டது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. நல்ல காளைக் கன்றைக் கூடப் பால் மறந்ததும் விற்றுவிடும் வீடுகள் பல. விற்றால் இன்றைக்குக் கையில் பணம். நிறுத்தினால் இரண்டு மூன்று வருஷம் தீவனச் செலவு. குடியானவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் ஊரில் யாராவது ஒருவர் ஒரு நல்ல கன்றை நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அந்த ரத்தம் இல்லை. நூறு மைல் ஓடிய காளைகளும் ஒரு காலத்தில் யாரோ ஒரு மேய்ப்பன் விற்காமல் நிறுத்திய கன்றுகள்தானே!

அடுத்த ஆடியில் அந்தியூருக்குப் போனால், விலை உயர்ந்த காளைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஓரமாகத் தும்பில் கட்டியிருக்கும் பல் போடாத கன்றுகளையும் கொஞ்சம் நின்று பாருங்கள். திப்பு சுல்தான் அவற்றைத்தான் முதலில் பார்த்திருப்பார்.